ஏழு பவுண்டுப் பெண்

தையல்காரியின் மகள் பிறந்தபோது ஏழு பவுண்டு இருந்தாள். கால் மணி நேரம் கழித்து ஏழு கிலோ ஆனாள். பவுண்டு ஒழிந்து கிலோ வந்த முதல் நாள் அது. ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின்கள் வந்து சேரவில்லை. பழைய மெஷின் பவுண்டில் காட்டிய எண்ணை, பயிற்சி வகுப்பில் நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்த எழுத்தர், அட்டையில் ஏழு கிலோ என்று எழுதி முத்திரை குத்தினார். மை காய்வதற்குள் தொட்டில் கயிறு அறுந்தது.

பார்க்க எல்லாப் பிள்ளையையும் போலத்தான் இருந்தாள், தூக்கினால் இரும்பு. திருத்தித் தரச் சொல்லித் தாய் நடையாய் நடந்தாள். எழுத்தர் பிள்ளையை, அதற்குள் வந்துவிட்ட புது மெஷினில் வைத்துப் பார்த்தார். "எழுதினபடி ஏழுதாம்மா காட்டுது. இதுல திருத்த என்ன இருக்கு?" என்றார். இப்படிப்பட்ட அறிவாளியைச் சும்மா விடுவார்களா, அந்த ஆண்டே பதவி உயர்வு கொடுத்தார்கள்.

பெரிய டாக்டர் நிறையப் படித்தவர். ஆகவே பிள்ளையைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். கொழுத்த பிள்ளை என்று முடிவுகட்டி, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பால் பவுடரை நிறுத்திவிட்டார். தாயிடம் பால் போதவில்லை. "எலும்பும் தோலுமா கிடக்குறா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க டாக்டர்" என்று கெஞ்சினாள். "எடை குறையட்டும், பாக்கலாம்" என்றார் அவர். எடை குறையவில்லை, பிள்ளைதான் குறைந்துகொண்டே போனாள். பயந்துபோன தாய்க்குக் கடைசியில் பயம் விட்டுப்போனது.

ஊழியர்களுக்கு உடல் பரிசோதனை நடந்த நாளில், இடுப்பில் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக் கொல்லைப்புறம் போனாள். அங்கே துருப்பிடித்துக் கிடந்த பழைய பவுண்டு மெஷினை ஒரு கையால் தூக்கிவந்து, புது மெஷினை நகர்த்திவிட்டு அங்கே வைத்தாள். இரும்புப் பிள்ளையைச் சுமந்து காய்த்துப்போன கை அது. பெரிய டாக்டர் ஏறி நின்றார். முள் நூற்றெண்பதில் நின்றது. எழுத்தர் வழக்கம்போலக் கிலோ என்று எழுதி முத்திரை குத்தினார். டாக்டர் அறைக்குப் போய் உட்கார்ந்ததும் நாற்காலி நொறுங்கியது. தரையில் கிடந்தபடி கத்தியவரை எழுத்தர் பணிவாகக் குனிந்து பார்த்து, "எழுதினபடிதான் சார் கனக்குறீங்க. இதுல திருத்த என்ன இருக்கு?" என்றார்.

தவறான அட்டைகளை உடனே திருத்தும்படி டாக்டர் படுத்துக்கொண்டே உத்தரவு எழுதினார். தையல்காரி பிள்ளையின் அட்டையை முதலில் நீட்டினாள். பிள்ளை அங்கேயே லேசானாள். பால் பவுடரும் வந்தது. டாக்டரின் அட்டையைத் திருத்த டாக்டரே கையெழுத்துப் போடக் கூடாது என்பது விதி. அது மேலிடத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் திரும்பவில்லை. அவருக்கு அறையில் சிமெண்டால் ஒரு நாற்காலி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் அவரை எழுப்பி நிறுத்தத் தையல்காரியைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு கையால் தூக்கிவிடுவாள். இன்னொரு கையில் பிள்ளை இருக்கும்.