பொட்டு வைத்த ஹாட் ராட்

பண்டமாரானில் வாணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தைப்பூசத்துக்குப் பிறகு யாரும் சாப்பிட்டதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார வேண்டியதுதான். மேசையில் கார் நின்றது.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே கார்தான். என்ன, நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. கதவு திறக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரம் திரும்பும். பழைய அமெரிக்கக் காரின் கூரையை வெட்டித் தணித்து, பானட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றி எறிந்து, இன்ஜின் வெளியே தெரிய ஜம்மென்று ஓட்டுவார்களே, ஹாட் ராட் என்று, அதன் குட்டி. பெட்டியில் வந்தது சாதாரணக் கார். கூரையை வெட்டியது வாணி. பின் சக்கரத்தைப் பெரிதாக்கி மூக்கைத் தாழ்த்தியது வாணி. கிழிந்துபோன தன் கைப்பையின் தோலை வெட்டி சீட்டுக்கு உறை தைத்ததும் அவள்தான்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகத்துக்குச் சாயம் பூசும் சின்னக் கடை அவளுடையது. கல்யாணப் பெண்ணின் சுண்டுவிரல் நகத்தில் ஒரு மயிலை உட்கார வைத்துவிடுவாள். நகம் தேய்க்கும் அட்டையாலேயே காரின் உடம்பையும் தேய்த்து வழவழப்பாக்கி, பால் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தாள். மேலே ஒரு கோடு கிடையாது.

கணவன் கமலநாதனுக்கு அதுதான் குறை. அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறவன்.

"ஹாட் ராட்டுன்னா மூஞ்சியில நெருப்பு எரியணும் லா. இது என்ன, பால்கோவா மாதிரி நிக்குது?"

"நாள் பூரா நகத்துல பூவும் நெருப்பும் போட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன். இதாவது சும்மா இருக்கட்டும், விடுங்க."

காரணம் அது இல்லை. நகத்தில் கோணல் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். இத்தனை மாத உழைப்பின் மேல் தூரிகை ஒரு இழுப்பு பிசகிவிட்டால்? அந்தப் பயம்தான்.

ஏனென்றால் இந்தக் காரை நம்பி அவள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். கேஎல் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வருடா வருடம் மாடல் வண்டிக் கண்காட்சி நடக்கும். போன வருடம் அவள் செய்த குட்டி லோரிக்குப் பரிசு வந்தது. ஆனால் பதிவு செய்தது கமலநாதன், அவன் போனில். அவன் பெயரே போய்விட்டது. "மிஸ்டர் கமலநாதன்!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். இந்த மனிதனும் எழுந்து போய்க் கைகுலுக்கி, போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு வந்தான். இறங்கி வரும்போதுதான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை காரில் ரேடியோ மட்டும்தான் பேசியது.

இந்த வருடம் வாணி தானே பதிவு செய்தாள். பெரிய பரிசு வராவிட்டால் போகட்டும். அந்த மைக்கில் தன் பெயரை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பூச்சாக, கண்ணாடி மாதிரி மின்னும் கிளியரை அடித்தாள். அது ஒரு ஏமாற்றுக்காரப் பூச்சு. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இன்னும் மெழுகாகத்தான் இருக்கும்.

"யாரும் கை வைக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு கல்யாணப் பெண் காத்திருந்தாள்.

அவள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கமலநாதனின் அக்கா மாரியாயி வந்தாள், பக்கத்துத் தெருவிலிருந்து. சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுங்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"நாளைக்குக் காடி கேஎல்லுக்குப் போகுது. இன்னும் பூஜை போடலையாடா?"

"அக்கா, இது பொம்மைக் காடி."

"சக்கரம் இருக்கில்ல? உன் கிரேனுக்கு ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலையா? அது என்ன, ஹைவேயிலயா போகுது?"

இரவு வேலை முடிந்து வந்திருந்த கமலநாதனுக்குக் கண் சொருகியது. "வாணி தொடக்கூடாதுன்னு சொன்னா…" என்று இழுத்தான்.

"நான் எங்க தொடப் போறேன்? பொட்டுதானே வைக்கப் போறேன்."

எலுமிச்சம்பழம் முன் சக்கரத்தின் உயரத்துக்கு இருக்கும் என்று முன்னமே யோசித்து, பாசாரிலிருந்து கோலிக்குண்டு போன்ற குட்டி எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி, வாங்கி வந்திருந்தாள். சக்கரத்துக்கு அடியில் வைத்து உருட்டினாள். கார் பழத்தின் மேல் ஏறியது, இறங்கியது. பழம் அப்படியே இருந்தது.

"நசுங்க மாட்டேங்குதே! கொஞ்சம் அழுத்தட்டா?"

"ஐயோ அக்கா, அச்சு முறிஞ்சிடும்!" அந்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் கமலநாதன் செய்தான்.

பழங்கள் பைக்குள் திரும்பிப் போயின. மாரியாயி பானட்டின் மூக்கில், நடுவில் ஒன்று, இருபக்கமும் ஒவ்வொன்று, சந்தனம் வைத்து, அதன்மேல் கட்டைவிரலால் குங்குமத்தை நன்றாக அழுத்தினாள். கற்பூரம் காட்டினாள். கமலநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டு படுக்கப் போனான்.

மத்தியானம் வாணி வந்தாள். பார்த்தாள். ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாள். சந்தனம் போயிற்று. குங்குமம் போகவில்லை. பூச்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பால் நிறத்தில் மூன்று சிவப்பு வட்டம், வட்டத்துக்குள் வரிவரியாக மாரியாயியின் கட்டைவிரல் ரேகை.

சமையலறையிலிருந்து மாரியாயி கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன தாயி? பொட்டு கோணலா இருக்கா?"

வாணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சுரண்டி எடுத்தா பெயின்ட்டும் சேர்ந்து வரும், அண்ணி. மறுபடி அடிச்சுக் காய வைக்க நாள் இல்ல. நாளைக்குப் போகலை."

சத்தம் கேட்டு எழுந்து வந்த கமலநாதன் ஒரு பார்வை பார்த்தான். "அலமாக்!" என்று அங்கேயே நின்றான். மாரியாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கும் தெரியுமே, அந்த லோரிக் கதை. அன்றைக்குத் தம்பியைத் திட்டியதில் முதல் ஆள் அவள்தான்.

"நான் நல்லதுக்குன்னுதான் வெச்சேன் வாணி. என் கைய ஒடிக்க."

வாணி அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றும் மூக்கில், கிரில்லுக்கு மேலே. ஹாட் ராட்டில் நெருப்பு எங்கே பற்றுமோ, சரியாக அங்கே.

"ஏங்க, அந்தச் சிவப்பு பெயின்ட்டை எடுத்துட்டு வாங்க. ஆரஞ்சும்."

கமலநாதன் வாயை மூடிக்கொண்டு எடுத்து வந்தான். கெட்டிக்காரன். ஆனால் நக வேலைக்கான மெல்லிய தூரிகையைக் காருக்குக் கிட்டே கொண்டுபோனதும் வாணிக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. எடுத்துவிட்டாள். மறுபடி கொண்டுபோனாள். மறுபடி எடுத்துவிட்டாள்.

மாரியாயி முந்தானையில் கையைத் துடைத்து மேசைமேல் நீட்டினாள். "மொதல்ல என் நகத்துல போட்டுப் பாரு."

"அண்ணி, நீங்க மருதாணியைத் தவிர எதுவும்…"

"போடுடீன்னா!"

ஐந்து நகத்திலும் நெருப்பு ஏறியது. ஐந்தாவதில் பயம் போய்விட்டது. அதே மூச்சில் வாணி காருக்குத் தாவினாள். நடுப் பொட்டிலிருந்து ஒரு நாக்கை இழுத்தாள், பின்னால், கண்ணாடி வரை. அது நெளிந்து, மெலிந்து, நுனியில் சுருண்டது. அடுத்த பொட்டிலிருந்து இன்னொன்று. வெயில் தாழ்வதற்குள் பானட் முழுக்கப் பற்றி எரிந்தது. மேலே கிளியர் அடிக்கத்தான் நேரம் இல்லை.

மறுநாள் மண்டபத்தில் நல்ல கூட்டம். போன வருடம் மைக் பிடித்த அறிவிப்பாளர் கிஷன்தான் இந்த வருடமும், மேசை மேசையாகப் பேசிக்கொண்டே வந்தார். காரைப் பார்த்ததும் நின்றார். பழகிய முகத்தைப் பார்த்து மைக்கை நீட்டினார்.

"வாங்க பாஸ்! போன வருஷம் லோரி, இந்த வருஷம் ஹாட் ராட்! இந்த நெருப்பை எப்படிப் போட்டீங்க?"

வாணியின் முகம் சுருங்கியது. கமலநாதன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் கிரேன் ஓட்டறவன் பாஸ். அதைக் கேளுங்க, சொல்றேன்."

அவன் மேலே பேசுவதற்குள் மாரியாயி மைக்கோடு கிஷனின் கையைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

"இங்க பாருங்க தம்பி, என் நகத்தை! இதுவும் அவ போட்டது, காடியும் அவ செஞ்சது. போன வருஷத்து லோரியும் அவதான். எங்க வாணி! பண்டமாரான் வாணி!"

ஸ்பீக்கர் வழியாக மண்டபம் முழுக்க 'வாணி' என்று இரைந்தது. இட்லிப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வாணிக்குக் காது சுட்டது. சிரிப்பும் வந்தது.

கிஷன் சிரித்துக்கொண்டே வாணியிடம் மன்னிப்புக் கேட்டார். போன் வெளிச்சத்தில் பானட்டைக் கிட்டே பார்த்தார். "நெருப்புக்கு அடியில என்னமோ வரி தெரியுதே. கைரேகையா? யாரோடது சிஸ்டர்?"

மாரியாயி நெருப்பு நகத்தை முந்தானைக்குள் ஒளித்தாள்.

அன்று இரண்டாம் பரிசு. "மிஸ் வாணி" என்று கூப்பிட்டார்கள். "மிஸஸ்!" என்று கூட்டத்திலிருந்து மாரியாயி திருத்தினாள். வாணி மேடையேறும்போது அண்ணியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போட்டோ எடுத்தவன் கமலநாதன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் வாணி ஹாட் ராட்டை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். மாரியாயி பையைத் துழாவி, நேற்றைய லிமாவ் கஸ்தூரிகளைத் தங்கள் மைவி காரின் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

"ரெண்டு காடிக்கும் சேர்த்து. எடுடா தம்பி!"

பொத், பொத் என்று நசுங்கின. மாரியாயி திருப்தியாகப் பின் சீட்டில் ஏறி, மடியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

வாணி சட்டென்று இரண்டு கையாலும் பானட்டுக்கு மேலே குடை பிடித்தாள்.

"அண்ணி! இன்னும் காயலை!"