தகவலாளர் நான்கு பாடும் நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரு சிரிப்பும் அதன் பிறகு இரண்டு கேள்விகளும் மட்டும்தான். மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

ஒரு பல்கலைக்கழக மாநாட்டின் தொடக்க விழாவில் வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாழ்த்தி முடித்ததும் கறிவேப்பிலையாக ஒதுக்கிவிட்டார்கள். வண்டி மாலையில்தான். உட்கார இடம் தேடி, மாணவர்கள் கட்டுரை வாசிக்கும் ஓர் அறைக்குள் நுழைந்தேன். கூட்டத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப்பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள். மேடையில் யார் வாசித்தாலும் அவர்கள் தம் தாளையே திருத்திக்கொண்டிருந்தார்கள். உண்மையாகக் கேட்டவர் ஒரே ஒருவர். முன்வரிசையில், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, வாசிக்கிற பெண்ணின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சட்டென்று நின்றுபோனது. அது நின்ற விதத்திலிருந்துதான் நான் ஓர் அம்மாவை உண்டாக்கினேன்.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"குளிரூட்டிய அரங்கில் அவள் குரல் நடுங்க…" (பொய். மின்விசிறிதான். அதுவும் சத்தம் மட்டும்தான் போட்டது.)

"மானுடவியல் ஆய்வுகள் இன்று எதிர்கொள்ளும் நெருக்கடி என்பது…" (கதை கேட்க வந்தவரை விரட்டவா? அடித்துவிட்டேன்.)

"அம்மா பாடுவாள் என்பது அவளுக்குத் தெரியவந்தபோது…" இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அம்மா பாடுவாள் என்பது அவளுக்குத் தெரியவந்தபோது அவள் ஆய்வு தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தலைப்பு, 'தனித்திருக்கும் நேரத்தின் ஒலிகள்: இல்லத்தரசியரின் அன்றாடம் குறித்த ஓர் ஆய்வு'. (நடுவில் முக்காற்புள்ளி இல்லாத தலைப்பை எந்த மாநாடும் வாசல்படி ஏற்றாது.) வீட்டில் யாரும் இல்லாதபோது பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊரெல்லாம் போய்க் கேட்டவளுக்குச் சொந்த வீட்டு ஞாபகம் தாமதமாகத்தான் வந்தது.

"அம்மா, உன்னையும் ஒரு ஆளா சேத்துக்கட்டுமா?"

"என்கிட்ட என்னடி இருக்கு?" என்றாள் அம்மா. ஒலிப்பதிவு ஓடத் தொடங்கியதும், "பேரு வராதுல்ல?" என்றாள்.

"வராதும்மா. தகவலாளர் நாலு. அவ்வளவுதான்."

அதன்பிறகு அம்மா பேசினாள். இவள் வகுப்புக்கும் அப்பா வேலைக்கும் போனபின் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடுவாளாம். தொண்டை திறந்து, வீடு அதிர. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் இருந்தும் மகள் காதில் ஒரு முணுமுணுப்புகூட விழுந்ததில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியவே வேணாம். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். தெரிஞ்சிடுச்சுன்னு வை, அவரு இல்லாதப்பகூட பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடும். அப்புறம் எங்க பாட?"

3

ஆய்வுக்கு ஒரு நெறி உண்டு. பேச்சுக் கொடுத்தவரின் அடையாளத்தை மறைக்க வேண்டும். அவளும் மறைத்தாள். அம்மாவின் வயதை ஏற்றினாள். தையல்காரியாக்கினாள். இரண்டு பையன்களைப் பெறவைத்தாள். ஆனால் அவளுடைய ஆய்வு நெறியாளர் ஒன்று சொல்லியிருந்தார்: "பேரை மறைங்க, ஊரை மறைங்க. அவங்க வார்த்தையில மட்டும் கை வைக்காதீங்க. அதுதான் சான்று. உங்க கட்டுரைக்கே நாலாம் ஆள்தான் உயிர்."

அவள் கை வைக்கவில்லை. ஆளை மறைக்கிற அவசரத்தில், ஆளைக் காட்டிக்கொடுப்பதே வார்த்தைதான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

[அப்பாவைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். குடித்தார், கத்தினார். கதை வேகமாக ஓடியது. ஆனால் மடியில் மகளின் கைப்பையை அப்படிப் பத்திரமாகப் பிடித்திருந்த மனிதருக்கு அந்த வேஷம் பொருந்தவில்லை, கிழித்துப் போட்டேன். அவர் நல்லவர். எனக்கு வருத்தமே அதில்தான்.]

மாநாட்டுக்கு அவரை யாரும் அழைக்கவில்லை. "புள்ள மேடையேறுறா, நான் இல்லாம எப்படி?" என்று தானாகவே விடுப்புப் போட்டார்.

"நீங்க எதுக்குப்பா? போரடிக்கும்" என்றாள் மகள்.

"ஆமா, அவளுக்குக் கூச்சமா இருக்கும். விடுங்களேன்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சேர்ந்து தடுத்ததில், தான் படிக்காதவன் என்பதால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

4

அவள் மேடையில் இருக்கிறாள். அமர்வுத் தலைவர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார்: முடித்துக்கொள்ளவும். அடுத்த பத்தி தகவலாளர் நான்கு. முன்வரிசையில் அப்பா.

வாசகரே, இந்த உலகத்தில் ஒரு மந்திரம் இருக்கிறது. 'நேரமின்மை கருதி.' இதைச் சொல்லிவிட்டு எந்தப் பத்தியையும் தாண்டலாம். ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், நன்றிகூடச் சொல்வார்கள். அன்று காலையிலிருந்து எல்லாரும் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

ஏன்? பின்வரிசையில் நெறியாளர் இருந்தார், உயிரில்லாத கட்டுரையை அவர் முன்னால் வாசிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை என்று ஒருமுறை எழுதினேன். அப்பா எதையும் காது கொடுத்துக் கேட்பவரில்லை, அதனால் பயமில்லை என்று மறுமுறை எழுதினேன். ஒருவேளை அவர் கேட்கட்டும் என்றே அவள் மனத்தின் ஒரு மூலை… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

வாசித்தாள்.

"தகவலாளர் நான்கு கூறுவது: 'கல்யாணமான புதுசுல ஒருநாள் அடுப்படியில பாடிட்டிருந்தேன். அவரு ஓடி வந்தாரு. என்னன்னு கேட்டேன். கரண்ட் இல்லாத நேரத்துல மிக்சி ஓடுதே, அதான் பாக்க வந்தேன்னாரு.'"

அறை சிரித்தது. தாளைத் திருத்திக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் அப்பா. பின்னே? அது அவர் சரக்கு. உறவுக்காரர் கூடுகிற இடமெல்லாம் அவர் சொல்லி, கேட்டவர்கள் வயிறு குலுங்கி, பக்கத்தில் மனைவியும் சிரித்த நகைச்சுவை. தன் பேச்சு மகளின் ஆராய்ச்சியில் இடம்பெற்றுவிட்டது என்று ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நிறுத்த முடியவில்லை.

"'நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் அவரு வீட்டுல இருக்கறப்ப நான் வாயே திறந்ததில்ல.'"

5

கேள்வி நேரத்தில் அவர் கையைத் தூக்கினார்.

"நீங்க எந்தக் கல்லூரி?" என்றார் அமர்வுத் தலைவர்.

"சும்மா கேக்க வந்தவன்தாங்க." எழுந்து நின்றார். மகளைப் பார்க்காமல் ஒலிவாங்கியைப் பார்த்தே பேசினார். "அந்த நாலாவது அம்மா… இப்பவும் பாடுறாங்களா?"

"பாடுறாங்க" என்றாள். "வீட்டுல யாரும் இல்லாதப்ப."

"நல்லா பாடுவாங்களா?"

மனைவியைப் பற்றி ஒரு மனிதர், தலை நரைத்த பிறகு, ஊரார் முன்னால் மகளிடம் கேட்கிறார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கிட்டார். "நேரமின்மை கருதி, அடுத்த கட்டுரை."

6

வெளியே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவளை அழவிட்டேன், சரிவரவில்லை. அவரைக் கோபப்படவிட்டேன், அவருக்குப் பழக்கமில்லை. கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் கைபேசியை ஒலிக்கவிட்டேன். அம்மா.

"எப்படிடி பேசினே? அப்பா கேட்டாரா? அவருக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காதே?"

பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டுவிட்டது. மகள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நல்லாப் படிச்சா. எனக்குத்தான் ஒரு எழவும் புரியல."

அந்தப் பக்கம் அம்மா நிம்மதியாகச் சிரித்தாள்.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது, அதனாலேயே நம்பிக்கையில்லை. ஒரு மனிதர் திருந்தியதாகக் காட்டிக் கதையை முடிப்பது எங்கள் தொழிலில் சுலபம். அவர் இனி என்ன செய்வார்? பாடச் சொல்லிக் கேட்டால் அவளுடைய இடம் போய்விடும். கேட்காவிட்டால் சாகும்வரை அந்தக் குரல் அவருக்குக் கிடைக்காது. அவர் வீட்டில் இருந்தால் அவள் பாடமாட்டாள். இல்லாவிட்டால் அவருக்குக் கேட்காது. இதற்கு வழி தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

பேருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வந்துசேர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அம்மா கைபேசியை வைத்துவிட்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள். பாடுகிறாளா என்று நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் நானும் நீங்களும் இதோ அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருக்கிறோமே.

வாருங்கள், போய்விடலாம்.