மூன்று பேர் வரலாம்

மதியம் பன்னிரண்டரைக்கு அந்த மின்னஞ்சல் வந்தபோது ஆர்த்தி வார்டில் ஆறாம் நம்பர் படுக்கையில் இருந்த வயதான நோயாளிக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். பையில் போன் அதிர்ந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் பாட்டிலை மாட்டி, சொட்டு விழும் வேகத்தைச் சரிபார்த்து, சார்ட்டில் நேரம் எழுதி, "வலிச்சா பெல் அடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் மாடிப்படிக்கு வந்தாள்.

கடிதத்தில் நான்கு பெயர்கள் இருந்தன. ஆர்த்தி, அவள் கணவன் விமல்ராஜ், பன்னிரண்டு வயது மகள் எழிலரசி. இந்த மூன்று பேரும் நியூசிலாந்துக்கு வரலாம். நான்காவது பெயர் ஏழு வயது மகன் மாறனுடையது. அந்த நாடு கேட்கும் உடல்நலத் தகுதி அவனுக்கு இல்லை, நீங்கள் அனுப்பிய விளக்கத்தையும் படித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

மாறனுக்குச் சளி, காய்ச்சல்கூட அதிகம் வந்ததில்லை. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும் மாட்டான். ஆர்த்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவள் கையைத் தண்ணீர்க் குடத்தின் மேலோ கதவுத் தாழ்ப்பாளின் மேலோ வைப்பான். அதுதான் அவன் பேச்சு. ஏழு வருஷமாக அந்தப் பேச்சு அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது.

போகலாம் என்று முதலில் சொன்னதே விமல்தான். வேங்கிக்காலில் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் யூகேஜி வரை மாறனை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தாளாளர் கூப்பிட்டு, "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டேங்கறாங்க சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுத்தார். அதைக்கூட விமல் தாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூரில் அவன் பெரியப்பா வீட்டு மஞ்சள் நீராட்டு. மாறன் காதைப் பொத்திக்கொண்டு மேடைக்கு முன்னால் சுற்றிச் சுற்றி ஓடினான். பெரியப்பா மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்: "அண்ணி, கொஞ்ச நேரம் இவன உள் ரூம்ல வச்சிக்குங்களேன். வீடியோல வுழறான்." சாப்பிடாமலே திரும்பினார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு விமல், "எங்கியாவது போயிடலாம் ஆர்த்தி. இவன யாரும் ஒரு மாதிரி பாக்காத ஊரு எங்கியாவது இருக்கும்" என்றான்.

அப்படி ஓர் ஊர் இருப்பதாகத் தேவிப்ரியா சொன்னாள். நர்சிங் படிக்கும்போது ஆர்த்தியின் அறைத்தோழி, நான்கு வருஷத்துக்கு முன்பே நியூசிலாந்துக்குப் போனவள். தன் மகன் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரு சின்ன வீடியோ அனுப்பினாள். வகுப்பின் மூலையில் ஒரு பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஏதோ படம் காட்டினாள். மற்ற பிள்ளைகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்த்தி அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று சொல்ல முடியாது.

இரண்டரை வருஷம் பாடுபட்டாள். இங்கிலீஷ் பரீட்சையில் முதல் தடவை தோற்றாள். பௌர்ணமி அன்றைக்கு ஊருக்குள் பஸ் வராது. கிரிவலக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடக்கும்போதும் காதில் இங்கிலீஷ் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் தடவை தேறினாள். நியூசிலாந்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நர்ஸ் வேலைக்கு ஆர்டரும் வந்தது. எழிலரசி வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சுவரில் ஒரு உலகப் படம் ஒட்டி, திருவண்ணாமலையிலிருந்து சிவப்புப் பேனாவால் கோடு இழுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் விமல் பைக் ஷோரூம் வேலை முடிந்து வந்ததும் ஆர்த்தி போனை அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான். பிறகு சென்னையில் இருக்கும் விசா ஏஜென்ட் அருள்ராஜைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"எனக்கும் கஷ்டமாதான் இருக்கு சார்," என்றார் அருள்ராஜ். "இனிமே எழுதிப் பிரயோஜனம் இல்ல. ஆனா ஒரு வழி இருக்கு. தம்பி பேர எடுத்துட்டு மூணு பேரா போட்டுடலாம். மேடமோட ஆர்டர் இன்னும் ரெண்டு மாசம்தான் செல்லும். இந்த மாதிரி கேஸ்ல சில பேரு புள்ளய ஊர்ல ஒரு நல்ல ஹோம்ல வுட்டுட்டுப் போறாங்க. யோசிச்சி சொல்லுங்க."

விமல் போனை வைத்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளே மாறன் ஒரு டப்பாவின் மூடியைத் தரையில் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தான். அறை வாசலில் எழில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து விமல், "ஒரு ஹோம சும்மா பாத்துட்டு வரலாம். பாத்தா இன்னா தப்பு?" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவள் மாறனுக்குச் சட்டை மாட்டிவிட்டாள்.

அந்த விடுதி ஊருக்கு வெளியே, கீழ்பென்னாத்தூர் போகும் வழியில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருந்தது. பொறுப்பாளர் தங்கம்மாள் ஐம்பது வயதுக்காரி, பருமனான உடம்பு, பொறுமையான முகம். ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டினாள். ஏதாவது ஒரு குறை கண்ணில் படாதா என்று ஆர்த்தி தேடினாள். கட்டில் விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்தாள். மருந்து அலமாரிக்குப் பூட்டு இருந்தது. பிள்ளைகளின் நகங்கள் வெட்டியிருந்தன. பதினைந்து வருஷ நர்ஸ் கண்ணுக்கு ஒரு குறைகூடச் சிக்கவில்லை. மோசமான இடமாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மாறன் கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றான். பிறகு நேராகப் போய்த் தங்கம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தான். அவளை இழுத்துக்கொண்டு போய், அவள் கையைத் தண்ணீர்க் குழாயின் மேல் வைத்தான்.

தங்கம்மாள் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, ஒட்டிக்கினான். இவன் சீக்கிரம் பழகிடுவான்மா. மொதல் மூணு மாசம் மட்டும் நீங்க வராதீங்க. வந்தீங்கன்னா கலங்கிடுவான்."

"நல்லா இருக்கான் இல்ல?" என்றான் விமல். அவன் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் ஆர்த்திக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, அவர்கள் வந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தன் கையைத்தான் மாறன் பிடிக்கிறான் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். அவனுக்கு வேண்டியிருந்தது ஏதோ ஒரு கை. அது அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீடு வரும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாறன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓடும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் விமல் சமையலறைக்கு வந்து நின்றான்.

"நான் கெட்டவன் இல்ல ஆர்த்தி. எழில் மூஞ்சியப் பாரு. அவளுக்கும் நாமதான அப்பா அம்மா? அவளுக்குன்னு நாம இதுவரைக்கும் இன்னா செஞ்சோம்?"

"நான் உங்கள கெட்டவர்னு சொல்லலைங்க." அவள் அடுப்பை அணைத்தாள். "அன்னிக்கி மாடிப்படில நின்னு லெட்டர படிச்சேன் இல்ல? ஒரு நிமிஷம் தோணிச்சி, இவன் இல்லன்னா இந்நேரம் வார்டு பூரா ஸ்வீட் குடுத்துனு இருப்பேன்னு. எனக்குத் தோணிச்சிங்க. பெத்தவளுக்கு. அந்த நெனப்ப எடுத்துக்கினு அவ்ளோ தூரம் போயி நான் எப்படி சோறு திம்பேன்?"

விமல் சுவரில் சாய்ந்தான். "ஒனக்கு ஒரு நிமிஷம் தோணிச்சி. எனக்கு தெனமும் தோணுது," என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலான மணவாழ்க்கையில் அவன் அழுது அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனே சொன்னான்: "அப்போ நீயும் எழிலும் போங்க. நான் இவனோட இங்க இருக்கேன்."

அதை அவள் தட்டிவிடவில்லை. ஒரு வாரம் முழுக்க யோசித்தாள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர முடியும் என்று தேவிப்ரியாவிடம் கேட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று வாரம் என்றாள் அவள். "வீடியோ கால் இருக்கே, டெய்லி பாக்கலாம்டி."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்த்தி வீடியோவில் கூப்பிட்டாள். விமல் போனை மாறன் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "மாறா, அம்மா பாரு. டேய், இங்க பாருடா." மாறன் போனைத் தள்ளிவிட்டுப் போனான். அடுத்த நாளும் கூப்பிட்டாள். அதற்கடுத்த நாளும். ஐந்து நாளும் அவள் அந்தச் சின்னத் திரையில் அவன் காதையும் முதுகையும்தான் பார்த்தாள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாலும் அதைத்தான் பார்ப்பாள். அவனுக்கோ, ஒருநாள் காலையில் வேலைக்குப் போன அம்மா திரும்பி வரவே இல்லை என்றுதான் இருக்கும். ஏன் என்று கேட்க அவனுக்கு வாயில்லை. சொன்னாலும் புரிய வைக்க வழியில்லை.

"குடும்பமா நல்லா இருக்கணும்னுதான ஆரம்பிச்சோம்," என்றாள் விமலிடம். "பாதிப் பாதியா பிரிஞ்சி நல்லா இருக்கறதுன்னா, அதுக்கு எதுக்குங்க அங்க போவணும்?"

வேலை வேண்டாம் என்று அவள் எழுதி அனுப்பினாள். நான்கு வரிதான். இரண்டரை வருஷம் படித்த இங்கிலீஷில் தப்பில்லாமல் எழுதினாள்.

எழிலிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை, காலை உதைக்கவில்லை. பின்னிக்கொண்டிருந்த சடையை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டாள்:

"இவன் பொறக்காம இருந்திருந்தா நாம போயிருப்போம் இல்லம்மா?"

ஆர்த்தி பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றாள்.

எழில் தலையாட்டிவிட்டுச் சடையைப் பின்னி முடித்தாள். அன்று பள்ளிக்குப் போகும்போது எப்போதும்போலத் தம்பி கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகவில்லை. அதன் பிறகும் தட்டவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய பதில் ஆர்த்திக்கு இரண்டு நாள் கழித்து வார்டில் ஊசி மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் தோன்றியது. மாறன் பிறக்காமல் இருந்திருந்தால், போக வேண்டும் என்ற நினைப்பே இந்த வீட்டில் யாருக்கும் வந்திருக்காது. நியூசிலாந்து எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடியிருக்க மாட்டார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் வீட்டுக்குப் போனபோது எழில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அந்த நாளை வரவில்லை.

ஜூன் மாதம் பக்கத்து அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் ஆதிமூலத்தைப் போய்ப் பார்த்தாள். அவர் மாறனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கூட்டினு வாங்கம்மா. சேத்துக்கலாம். ஆனா கூடவே உக்காந்து பாத்துக்க எங்ககிட்ட ஆள் கம்மி. ரெண்டு மூணு மணி நேரம் நீங்களே இருக்க முடியுமா?" என்றார். ஆர்த்தி மதிய டூட்டிக்கு மாற்றிக்கொண்டாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். மாறன் ஓடி வந்தால் பிடித்துத் திரும்ப உட்கார வைப்பாள். சில நாள் அரை மணி நேரம் தாங்குவான். சில நாள் ஐந்து நிமிஷம். பிள்ளைகள் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். டீச்சர் அதட்டினால் பார்ப்பதை நிறுத்தி, மறுபடியும் பார்ப்பார்கள்.

தேவிப்ரியா இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். ஆர்த்தி எடுக்கவில்லை. பிறகு அவளும் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

காலாண்டுப் பரீட்சை சமயம். எழிலுக்குக் காலையில் மட்டும்தான் பள்ளி. பன்னிரண்டு மணிக்கு ஆர்த்தி மாறனை அழைத்துக்கொண்டு பள்ளி கேட்டுக்கு வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. மாறன் ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தான். அவனைத் தூக்கவும் முடியவில்லை; ஏழு முடிந்து எட்டு வயது, நல்ல கனம். அவன் உரத்த குரலில் ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். பெட்டிக்கடையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது நான்கு சைக்கிள்கள் வந்தன. மூன்றாவது சைக்கிளில் எழில். அவள் பார்த்துவிட்டாள் என்பது ஆர்த்திக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்த பெண் மாறனைக் காட்டி ஏதோ கேட்டாள். எழில் தெரியாது என்பதுபோலத் தலையை அசைத்துவிட்டுப் பெடலை வேகமாக மிதித்தாள்.

கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். இறங்கி வந்து தம்பியின் ஒரு கையைப் பிடித்துத் தூக்கவும் செய்திருப்பாள். அவ்வளவுக்குக் கல்நெஞ்சக்காரி இல்லை. சைக்கிள்கள் திருப்பத்தில் மறையும்வரை ஆர்த்தி அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.