ஏர் பிடித்த அல்கநேஷ்

வெல்து மாமா வாசலில் வந்து உட்கார்ந்ததுமே, எதற்கு வந்திருக்கிறார் என்று அல்கநேஷுக்குத் தெரிந்துவிட்டது. மழை வருவதற்குள் நிலத்தை உழுதாக வேண்டும்; இந்த வீட்டில் உழ ஆள் இல்லை. அவள் புருஷன் கஹ்சாயின் வலது கை, சுதந்திரம் வருவதற்கு முந்திய கடைசிச் சண்டையில் தோளோடு போய்விட்டது. ஏர் ஓட்ட மேழிக்கு ஒரு கை வேண்டும், சாட்டைக்கு ஒரு கை வேண்டும். ஆகவே வெல்து உழுது கொடுப்பார், விளைச்சலில் பாதியை எடுத்துக்கொள்வார். உழ ஆம்பிளை இல்லாத வீடுகளுக்கெல்லாம் அந்த ஊரில் அதுதான் வழக்கம். எத்தனையோ விதவைகள் வாயைத் திறக்காமல் பாதியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அல்கநேஷ் வாயைத் திறந்தாள். காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாதி போய்விட்டால் மீதியை வைத்துக்கொண்டு என் பிள்ளைகள் அடுத்த அறுவடை வரைக்கும் எதைத் தின்பார்கள் என்று கேட்டாள். அது ஆண்டவன் பாடு என்றார் மாமா. அப்படியானால் ஆண்டவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம், நானே உழுதுகொள்கிறேன் என்றாள்.

கிழவர் சிரித்த சிரிப்பில் காப்பி மேல்துணியில் சிந்தியது.

"பொம்பளை ஏரைத் தொட்டா மழை பெய்யாதும்மா. நீ துப்பாக்கி பிடிச்சே, சரி, அது நாட்டுக்காக. கலப்பை வேற."

நியாயத்தைப் பாருங்கள்! சுதந்திரப் போரின்போது சஹேல் மலையில் இயந்திரத் துப்பாக்கிக் குழுவுக்குத் தலைவியாக இருந்தவள் அவள். அந்தக் குழுவில்தான் கஹ்சாய் இருந்தான். அவள் சுட்டால் அவன் தோட்டா நாடாவை ஊட்டுவான். அவள் 'நகரு' என்றால் நகர்வான். சண்டை ஓய்ந்தால் அவன் மாவு பிசைந்து ரொட்டி சுடுவான், அவள் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பாள். மறுநாள் வேலை மாறும். இது ஆம்பிளை வேலை, இது பொம்பளை வேலை என்று அங்கே ஒருத்தரும் நாக்கைப் புரட்டியதில்லை. தலைக்கு மேலே மிக் விமானம் சுற்றும்போது யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்? அப்படிப் பழகித்தான் ஒருத்தர்மேல் ஒருத்தருக்கு ஆசை வந்தது, கல்யாணமும் அங்கேயே நடந்தது.

ஊருக்குத் திரும்பிய புதிதில் கஹ்சாய் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனான். "ஏம்ப்பா, கையை மட்டுந்தானே வெட்டினாங்க?" என்று யாரோ கேட்க, கிணற்றடியே குலுங்கிச் சிரித்தது. அன்றைக்குக் கேனைக் கீழே வைத்தவன்தான், அப்புறம் தொடவே இல்லை. அல்கநேஷுக்கு அந்தச் சிரிப்பைவிட அவன் கேனைக் கீழே வைத்ததுதான் வலித்தது.

வெல்து போனபிறகு இரண்டு பேருக்கும் சண்டை. மாமா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போயேன் என்றான் கஹ்சாய். அவள் முடியாது என்றாள்.

"இது சஹேல் இல்ல, அல்கநேஷ். நான் பொறந்த ஊரு. இங்க நான் தலை நிமிர்ந்து நடக்க வேணாமா?"

"நட. யாரு வேணாம்னா? ஆனா நீ நிமிர்றதுக்கு நான் எதுக்குக் குனியணும்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான்.

படையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த பணத்தில் அவள் ஒரு மாடு வாங்கியிருந்தாள். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு ஏர் பூட்ட முடியுமா? ஒற்றை மாடு வைத்திருக்கிற இரண்டு வீடுகள் சேர்ந்து ஜோடி போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். மெதின் வீட்டிலும் ஒற்றை மாடுதான். மெதினின் புருஷன் போரில் செத்தவன். அவளுடைய மாட்டை வெல்து தன் மாட்டோடு பூட்டித் தன் நிலத்தையும் உழுதுகொள்வார், அவள் நிலத்தையும் உழுவார். அதற்குமேல் பாதியும் வாங்கிக்கொள்வார். அல்கநேஷ் போய் மாட்டைக் கேட்டதும் மெதினுக்கு முகமே வெளிறிவிட்டது.

"உன்னால முடியலேன்னு வையி, அப்புறம் அவரு என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. என் புள்ளைங்க மண்ணைத்தான் திங்கணும்."

அல்கநேஷ் வற்புறுத்தவில்லை. முடியும் என்று சத்தியமும் செய்யவில்லை. கலப்பையை இதுவரை தொட்டதே இல்லை என்று உள்ளதைச் சொன்னாள். மெதின் முறத்திலிருந்த தானியத்தைப் புடைத்து முடித்தாள்.

"போன அறுவடையில அவரு பங்கை கழுதைமேல ஏத்த ஆள் இல்ல. நான்தாங்க்கா மூட்டையத் தூக்கி விட்டேன்," என்றாள். "என் மூட்டைய நானே." பிறகு எழுந்து போய் மாட்டை அவிழ்த்தாள்.

ஏர் பூட்டிய அன்று ஊரே வரப்பில் நின்றது. கோயில் திருவிழாவுக்குக்கூட அத்தனை கூட்டம் வந்திருக்காது. அல்கநேஷ் மேழியை அழுத்திப் பிடித்து, சாட்டையை உயர்த்தி, படையில் உத்தரவு கொடுத்த அதே குரலில் அதட்டினாள்.

மாடுகள் நின்றுவிட்டன. நின்றதோடு போகாமல், இரண்டும் கழுத்தை வளைத்து அவளைப் பார்த்தன. ஒன்று நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது. அவள் இன்னும் உரக்க அதட்ட, அவை ஆவலாய் அவள் பக்கமே திரும்பப் பார்க்க, நுகத்தடி முறுக்கிக்கொண்டு கொழு மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்டது.

மெதினுக்குத்தான் முதலில் புரிந்தது. அந்த ஊரில் மாட்டுக்குத் தீனி வைப்பது பெண்கள். வீட்டில் காய்ச்சும் சுவா என்கிற தானியக் கள்ளின் கசடு, உப்பு, தவிடு எல்லாம் பெண் கையால்தான் தொட்டிக்கு வரும். ஆம்பிளைக் குரல் கேட்டால் வேலை, பொம்பளைக் குரல் கேட்டால் சாப்பாடு. கன்றிலிருந்து அப்படித்தான் அவை பழகியிருக்கின்றன. போர்க்களம் கண்டவளுக்கு இது தோன்றவில்லையே!

"மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் வெல்து. "சுதந்திரம் இன்னும் தொழுவத்துக்கு வந்து சேரல."

வரப்பு முழுக்கச் சிரிப்பு. அல்கநேஷுக்குக் காது கொதித்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் அதே கதை. மெதின் ஓரமாய் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கஹ்சாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் அவள் காதருகே, "நீ மேழியைப் பிடி, நான் குரல் குடுக்கறேன். போயிடும்," என்றான்.

போயிருக்கும்தான். அந்தி சாய்வதற்குள் நிலம் முழுக்க உழுது முடித்திருக்கலாம். அவன் வந்து நின்றதே அவளுக்குக் கண்ணில் நீரை வரவழைத்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"எனக்கு நீ இருக்கே. மெதினுக்கு யாரு குரல் குடுப்பா?"

"அப்ப என்ன பண்ணச் சொல்றே?"

"இன்னியிலேர்ந்து ரெண்டு மாட்டுக்கும் நீ தீனி வையி. கசடு, உப்பு, எல்லாம் உன் கையாலதான். வாய்விட்டுக் கூப்பிட்டு வைக்கணும். நானும் மெதினும் வேலை நேரத்துல மட்டும்தான் அதுங்ககிட்ட வாயத் திறப்போம்."

பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் அது கேட்டுவிட்டது. சிரிப்பு சட்டென்று அடங்கியது. இவன் என்ன சொல்லப் போகிறான் என்று எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். மாட்டுக்குக் கசடு சுமப்பதற்குத் தண்ணீர்க் கேனே தேவலை. கஹ்சாய் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"உத்தரவா?" என்றான் கடைசியில்.

"இல்ல. கேக்கறேன்."

"உத்தரவுன்னா சுலபமா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

திரும்பி வந்தபோது இடுப்பில் கசடுப் பாத்திரம். ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு, பாதி சட்டையில் வழிய, பொது வழியிலேயே வந்தான். கிணற்றடியில் அந்தப் பழைய கேலியை யாரோ மறுபடி எடுத்துவிட்டார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாடுகளைப் பேர் சொல்லி அவன் கூப்பிட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அல்கநேஷ் தொழுவத்துப் பக்கம் போகாமல் சுவர் மறைவில் நின்றுகொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மாட்டுக்கென்ன, மனுஷனைவிடச் சீக்கிரம் பழகிவிடும். சில நாட்கள் தயங்கின. அப்புறம் அவள் குரலுக்குக் காதை விடைத்தன, பிறகு நடந்தன. முதல் சால்கள் கோணல்மாணலாக ஓடின. உள்ளங்கைத் தோல் உரிந்தது. மேழியை இரண்டு பெண்களும் மாற்றி மாற்றிப் பிடித்து, முதலில் அல்கநேஷின் நிலத்தை உழுதார்கள், பிறகு மெதினுடையதை. மழையும் வந்தது. கொஞ்சம் பிந்தி வந்தது. அந்தப் பழியையும் அவர்கள் தலையில்தான் கட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

விதைத்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது வெல்து வந்தார். ஜோடி போய்விட்டதால் அவருடைய மாடு ஒற்றையாய்த் தொழுவத்தில் நின்றது. பருவத்தில் யார் மாட்டைத் தருவார்கள்? அவர் நிலம் பாதிகூட உழுதாகவில்லை. உங்கள் ஜோடியைக் கொஞ்சம் கொடு என்று கஹ்சாயிடம் கேட்டார். மாட்டுக்காரிகளைக் கேளுங்கள் மாமா என்றான் அவன். கேட்டார், வேண்டாவெறுப்பாய். ஓட்டிக்கொண்டு போங்கள் என்றாள் மெதின். அவள் குரலில் என்ன இருந்தது என்று அல்கநேஷுக்கு விளங்கவில்லை.

வெல்து தன் நிலத்தில் ஏர் பூட்டி, ஒரு வாழ்நாள் பழக்கத்தில் அதட்டினார். மாடுகள் நின்று, கழுத்தை வளைத்து, கசடு எங்கே என்று அவரைப் பார்த்தன. சாட்டையை வீசினார். ஒரு மாடு நுகத்தோடு திரும்பி வந்து அவருடைய வெறுங்கையை முகர்ந்தது. வரப்பில் நின்றவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மெதின், வாம்மா," என்றார். "ஒரு சத்தம் குடு."

மெதின் மேல்துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கினாள். நேரே போய் மேழியின்மேல் கை வைத்தாள்.

"சத்தம் மட்டும் தர்றதில்ல மாமா. முழுசா உழுதே குடுத்துடறேன். பாதி."

"என்ன பாதி?"

"வெளைச்சல்ல. எங்கிட்ட வருஷா வருஷம் வாங்கினீங்களே, அதே பாதி."

அல்கநேஷ் பதறிப்போனாள். பாதியை ஒழிக்கத்தானே இத்தனை பாடும், இவள் என்ன இப்படிக் கேட்கிறாள்? வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மெதின் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை வருஷமாய்ப் பாதியை அளந்து கொடுத்தவள், மூட்டையையும் தூக்கிவிட்டவள் அவள். அல்கநேஷ் வாயை மூடிக்கொண்டாள்.

வெல்து மேகத்தைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார், வரப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மேழியிலிருந்து கையை எடுத்தார். மெதின் குரல் கொடுத்தாள்.