கப்பலேறிய இங்கிலீஷ் டீச்சர்

ராயபுரத்துப் பள்ளியில் எங்கள் தாளாளர் பெற்றோரை இங்கிலீஷில் ஏசுவார். அதைத் தேன் தடவித் தமிழில் சொல்வது இங்கிலீஷ் டீச்சரான என் தலையெழுத்து. வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிட்டு, துறைமுகத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன்.

நேற்று ஒரு சரக்குக் கப்பலில் கிரேன் கயிறு அறுந்து, இரும்புக் கட்டு விழுந்து சரக்கு இறக்கும் தொழிலாளி பிராங்கிளினின் காலை நசுக்கியது. எலும்பு வெளியே தெரிந்தது.

"வேலய நிப்பாட்டி ஆம்புலன்ஸ இட்டாரச் சொல்லு டீச்சர்!" என்று அவன் அண்ணன் இன்னாசி அலறினான்.

இங்கிலீஷில் சொன்னேன். வெளிநாட்டுக் கப்பல் அதிகாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னான்.

"இன்னா சொல்றான் அந்தாளு?"

"ரொம்ப வருத்தப்படுறார்னு சொல்லிடும்மா," என்று மேனேஜர் என் காதைக் கடித்தார்.

இங்கேயும் அதே தேனா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்தா அந்த நாயக் கடல்ல தள்ளிட்டு, சரக்க எறக்கச் சொல்றான்."

இன்னாசி கையிலிருந்த மூட்டைக் கொக்கியால் அதிகாரியின் கன்னத்தைக் கிழித்தான். கீழே தள்ளி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, முகத்திலேயே குத்தினான். பல் தெறித்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது.

அதிகாரி ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னை முறைத்தான். "அவனிடம் என்ன சொன்னாய்?"

"நீ சொன்னதைத்தான்," என்றேன், சுத்தமான இங்கிலீஷில்.