ரெக்ஸின் எண் முப்பத்தாறு

என் தம்பி ரெக்ஸைத் தாண்டி எங்கள் பக்கத்தில் அறுவடை நடக்காது. காற்று, வெயில், ஈரப்பதம் மூன்றையும் மணிக்கொரு தரம் அளந்து, பண்ணைகள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் தீ அபாயத்துக்கு ஒரு எண் சொல்வான். முப்பத்தைந்தைத் தொட்டால் அத்தனை பண்ணைகளும் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். காய்ந்த கோதுமையில் ஒரு பொறி விழுந்தால் ஊரே போய்விடும். போன வருஷம் எண் தாண்டிய பிறகும் ஆசைப்பட்டு இன்னும் ஒரு சுற்று அறுத்த பக்கத்துப் பண்ணை மெர்வினை, எல்லார் காதிலும் விழும்படி வறுத்தெடுத்தான்.

ஊரை அளப்பவனுக்குத் தன்னை அளக்கத் தெரியவில்லை. அன்று அறுவடையின் பத்தொன்பதாம் நாள். சாண்ட்விச்சைப் பாதியில் வைத்தான். நாயைத் திட்டினான், பிறகு அதனிடம் மன்னிப்புக் கேட்டான். என்னையும்தான் திட்டினான், என்னிடம் கேட்கவில்லை.

"தூங்கினியாடா?"

"வியாழக்கிழமை மழை வருதுக்கா. அப்புறம் தூங்கிக்கிறேன்."

அவன் அறுவடை இயந்திரத்தில் அறுக்க, நான் பக்கத்திலேயே டிராக்டர் ஓட்டி, அது கொட்டும் தானியத்தைத் தொட்டியில் வாங்கிக்கொண்டிருந்தேன். கொட்டி முடித்தவன், தானியம் கொட்ட நீட்டிய நீளக் குழாயை மடக்காமலே திரும்பி நேராக மின்கம்பியை நோக்கிப் போனான்.

"ரெக்ஸ்! கம்பிடா! நில்லு!"

குழாய் கம்பிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கவனிக்கலக்கா. சரி, ஆரம்பிக்கலாம்."

ஆரம்பிப்பதாவது! பயத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ரேடியோவை எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்க, பெரில் பேசுறேன். இப்போ எண் இருபத்திரெண்டு. ஆனா ரெக்ஸ் முப்பத்தாறு. ரெக்ஸ் நிறுத்தியாகணும்."

ரேடியோவில் மெர்வின்தான் முதலில் வந்தான். "கேட்டுச்சு பெரில். ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்னு போன வருஷம் யாரோ தொண்டை கிழியக் கத்தினாங்களே, யாருப்பா அது?"

"வாயை மூடு மெர்வின்!" என்றான் ரெக்ஸ்.

"பாரு, முப்பத்தேழு ஆயிடுச்சு. அவனை இறக்கிவிடு பெரில். மிச்சத்தை நான் வந்து அறுக்கிறேன்."

சொந்த ரூலை எப்படி மீறுவான்? முகம் சிவக்க இறங்கி, டிராக்டர் நிழலில் உட்கார்ந்தான். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"கண்ணை மூடினாலும் வயல்தான் ஓடுதுக்கா. அறுப்பு ஆரம்பிச்சதிலேருந்து இப்படித்தான்."

தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அங்கேயே ஐந்து மணிவரை தூங்கினான். நாயும் மன்னித்துவிட்டது போலும், பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை வழக்கம்போல ரேடியோவில் வந்தான். "இப்போ எண் பதினெட்டு." கொஞ்சம் தயங்கினான். "ரெக்ஸ் இருபத்தஞ்சு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்கள். "நான் பத்தொம்பது." "நான் முப்பது, மாமியார் வந்திருக்காங்க."

எப்போதும் முந்திக்கொள்ளும் மெர்வின் மட்டும் பேசவில்லை. கடைசியில் மெல்ல வந்தது குரல்.

"நான் நாப்பத்தொண்ணுப்பா. ரொம்ப நாளாவே."

யாரும் சிரிக்கவில்லை. ரெக்ஸ் இயந்திரத்தை அணைத்துவிட்டு ரேடியோவை எடுத்தான்.

"நிறுத்திட்டு இறங்கி நிழல்ல உட்காரு மெர்வின். டீ எடுத்துட்டு வர்றேன்."