பூவிழி வீட்டுச் சட்டம்

ஆறு வயதுப் பூவிழிக்கு ஆட்டிசம், பேச்சு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கண் போகும் இடத்துக்கு அப்பா தனசேகரனின் கை முன்னாலேயே போய்விடும். போளூரிலிருந்து மலையேறி வந்து பேச்சுப் பயிற்சி தரும் சசிகலா போன வாரம் கண்டித்துச் சொன்னாள்:

"வாயால கேட்டாத்தான் குடுக்கணும். கேட்டதும் குடுத்து, கைதட்டிப் பாராட்டணும். வூட்ல எல்லாருக்கும் இதே சட்டம். பாத்துதான் கத்துக்கும்."

இந்த வாரம் வெயிலில் ஏற்றம் ஏறி வந்தவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தனசேகரன் பாய் விரித்தார். தண்ணீர்ச் சொம்பை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார். வந்த வீட்டில் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிப்பதா? இன்னா மனுஷன் இவர்! சசிகலா வீம்பாக எச்சிலை விழுங்கினாள்.

பூவிழி சொம்பை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி."

முதல் வார்த்தை! தனசேகரன் சட்டென்று சொம்பை நீட்டினார். பூவிழி ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. சசிகலாவுக்குக் கண் நனைந்தது, தொண்டை நனையவில்லை.

"எனக்கும் தண்ணி குடுங்க," என்றாள்.

தனசேகரன் ஓடிப்போய் மொண்டு வந்து கொடுத்துவிட்டு, படபடவென்று கைதட்டினார்.

"சூப்பர் டீச்சர்! ரெண்டு பேரும் ஒரே நாள்ல கத்துக்கினீங்க!"